செவிட்டில் ஒன்று விட்டால்

என்னோடு அறுத்த தாளடி வயலில் கதிர் பொறுக்கினவர்கள் சிலராவது இன்னும் இருப்பீர்கள். முட்டி வலி, சர்க்கரை என்று ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். "கூப்புடுறது காதுல விழல? செவுட்டுல ஒண்ணு விட்டா விழும்" என்று ஒரு பிள்ளையிடமாவது சொல்லாமல் இந்த வயது வரைக்கும் வந்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள். தூக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கன்னத்துக்கும் காதுக்கும் நடுவில், அறைவதற்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்குச் செவிடு என்று பேரும் வைத்தவர்கள் நாம். அங்கே அடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதானே அந்தப் பேர்? தெரிந்தும் அங்கேதான் அடிக்கிறோம்.

நிதானமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபமாகத்தான் வருகிறது. வரட்டும். இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்?

எனக்குக் காதில் சீழ் வர ஆரம்பித்தது எப்போது என்று அம்மாவுக்கே சரியாக நினைவில்லை. அம்மை போட்டு இறங்கின பிறகு என்பாள் ஒரு சமயம். வாய்க்காலில் முங்கிக் கிடந்ததால் என்பாள் இன்னொரு சமயம். "புள்ளைன்னா காது ஒழுவத்தான் செய்யும், வளந்தா நின்னுரும்" என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை வெதுவெதுப்பாக விடுவார்கள். கூரைக் கீற்றில் ஒரு கோழியிறகு செருகியிருக்கும். அம்மா அதை உருவி, எண்ணெயில் தோய்த்து, என் தலையை மடியில் சாய்த்துக் காதுக்குள் விட்டுச் சுழற்றுவாள். சுகமாக இருக்கும், கண் சொக்கும். அப்புறம் இறகை வாங்கி முகர்ந்து பார்ப்பேன். ஊசிப்போன தேங்காய்ப்பால் வாடை. கூடப் படுக்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் படுப்பார்கள்.

அந்த இறகு காதுக்கு என்ன செய்தது என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்காக அம்மாமேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளிடம் இருந்த வைத்தியம் அதுதான்.

எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியாது. இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். பேச்சு என்பது முகத்தில் நடக்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் அசையும், புருவம் ஏறும், கை ஆடும், எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சேதி வரும். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர் பேசமாட்டார். விளக்கை ஊதி அணைத்துவிட்டால் உலகத்தில் யாருமே பேசமாட்டார்கள். குயில் என்ற கறுப்புப் பறவையை எதற்காக இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எனக்கு விளங்கினதே இல்லை.

முழுச்செவிடாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். அதுவும் இல்லை. தடித்த சத்தம் எனக்குள் வரும். டீசல் எஞ்சின் ஓடினால் வயிற்றில் கேட்கும். கிட்டே வந்து உரக்கப் பேசினால் பேச்சின் தடிமன் மட்டும் வரும், எழுத்து வராது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தப்பு அடிப்பவர். தீயில் தோலைக் காய்ச்சி ஓர் அடி அடித்துப் பார்ப்பாரே, அப்போதே என் நெஞ்சுக்கூடு அதிரும். எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர்தான். எனக்கு நன்றாகக் கேட்ட ஒரே ஆள்.

பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதுதல் என்று ஒன்று உண்டு, உங்களுக்கும் நினைவிருக்கும். வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வார்த்தையைச் சொல்வார். என் கணக்கில் அவர் அப்போது சும்மா நிற்கிறார். மற்ற பிள்ளைகள் ஏன் திடீரென்று குனிந்து எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பிச் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுதுவேன். அதிலும் 'படி' என்றால் 'மடி' என்று எழுதுவேன், 'மரம்' என்றால் 'பரம்' என்று எழுதுவேன். கண்ணாடி முன்னால் நின்று நீங்களே சொல்லிப் பாருங்கள், பகரத்துக்கும் மகரத்துக்கும் உதட்டில் ஒரு வித்தியாசமும் கிடையாது. படித்த மனிதருக்கு அது ஒரு தடவையாவது உறைத்திருக்கவேண்டாமா? "மக்கு" என்றார். அப்புறம் "மக்கு இல்ல, திமிரு" என்றார். அப்புறம் செவிட்டிலேயே விட்டார். அன்றைக்குச் சீழோடு ரத்தமும் வந்தது. அம்மா இறகை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். வாத்தியாரைப் போய் யார் கேட்பது?

நான் சொல்லவந்த அறுவடை இதற்கு அடுத்துத்தான் வந்தது.

ஆட்சி மாறியிருந்தது. புதிதாக வந்தவர்கள் மேடைக்கு மேடை அடுக்குமொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அந்த மொழி வந்து சேர்ந்ததே தவிர நெல் வந்து சேரவில்லை. கிழக்கே கூலி கூடக் கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த சேதி எல்லோர் வயிற்றிலும் கிடந்தது. எங்கள் தெருமுனையிலும் சங்கக் கொடி ஏறியது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். அது நியாயம். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, அந்த நெல்லில் நானும்தான் சோறு தின்றேன்.

கூட்டம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அதற்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொள்வேன். மரத்தைக் கையால் பிடித்துக்கொண்டால் உள்ளங்கையிலும் சத்தம் வரும். மற்ற பிள்ளைகள் இரைச்சல் தாங்காமல் ஓடிவிடும். சங்கத்திலிருந்து வரும் தோழர் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாராம், "இந்த வயசுல என்னா ஆர்வம் பாருங்க!" அப்பாவுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், நீங்கள் நம்புவீர்கள். பண்ணையாருக்காக வயலை மேற்பார்க்கும் காரியக்காரர் கரையிலிருந்து கூப்பிட்டால், "வந்தேன் ஆண்டே" என்று சொல்லிக்கொண்டே ஓடவேண்டும். சொல்வது முதலில், ஓடுவது பிறகு. வாயைத் திறக்காமல் ஓடினால் குற்றம். கிட்டே போய் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் அதைவிடப் பெரிய குற்றம். அந்த வருஷம் சங்கத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி 'ஏய்' என்றால் யாரும் திரும்பக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில். கை தட்டி எடுத்தார்களே தவிர, மறுநாள் வயலில் ஒருத்தராலும் முடியவில்லை. 'ஏய்' என்ற சத்தம் வந்ததும் பழகின கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. அப்பாவின் கழுத்தும்தான்.

நான் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் நடுவயலில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்தில் பனி காயாத தாள் காலில் குத்தியது. காரியக்காரர் பின்னாலிருந்து "ஏ குட்டி" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் போனேன். மறுபடி கூப்பிட்டிருக்கிறார். நான் போய்க்கொண்டே இருந்தேன். அறுப்பறுத்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்திருக்கிறார்கள், அரிவாள் நின்றுவிட்டது. இதெல்லாம் அம்மா பின்னால் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எதிரில் நின்ற சனங்களின் முகம் எல்லாம் ஒரே சமயத்தில் மாறியதுதான்.

என்ன என்று திரும்பினேன். அவர் கை என் செவிட்டில் இறங்கியது. தூக்கு வாய்க்காலில் விழுந்து கஞ்சி கரைந்து போனது. நான் அழவில்லை. ஏன் அடித்தார் என்று தெரியவேண்டுமே, அதற்காக அவர் வாயையே பார்த்தேன். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாய், என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தேன். எனக்கு அது கேட்பது. அவருக்கு அது முறைப்பது. இன்னொன்று விட்டார். அப்போதும் வாயைத்தான் பார்த்தேன்.

அப்பா அரிவாளைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். முற்றின கதிர் வயலில் நிற்க, எல்லோரும் கரையேறினார்கள். எதற்காக என்னைக் கூப்பிட்டார் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் என்னைத் தூக்கி மாட்டுவண்டிமேல் நிறுத்தினார்கள். கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு. தோழர் பேசினதையும் அம்மாதான் பின்னால் சொன்னாள். "நாம எடுத்த முடிவ நம்மால காப்பாத்த முடியல. இந்தக் கொழந்தை காப்பாத்திருக்கு! ஏய்னு கூப்பிட்டவனுக்குத் திரும்பல! அடிச்சவன நிமிந்து பாத்துச்சு! கண்ண எடுத்துச்சா? எடுக்கல!" கூட்டம் கை தட்டியது. வாய்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்து மூடுவதைப் பார்த்தேன். என்னவோ நல்லது செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் கை தட்டினேன். அதற்கு இன்னும் தட்டினார்கள். அடிபட்ட காதிலிருந்து ஒழுகியது சிவப்புத் துண்டில் இறங்கிக்கொண்டிருந்தது. துண்டும் சிவப்பு, யாருக்குத் தெரியப்போகிறது.

ஊசி போட வந்த நர்சம்மாவுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் பேசிக்கொண்டே, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். நான் பேசாமல் நின்றேன். கையை எடுத்துவிட்டு அதையே கேட்டார். "கம்மங்கூழு" என்றேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான் கேள்வி.

"இந்தப் புள்ளைக்குக் காது கேக்கலம்மா. வாயப் பாத்துப் பேசுது. உடனே தஞ்சாவூரு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்ப சீழ நிறுத்துனா கேட்டுரும். விட்டா உள்ள எலும்ப அரிச்சுரும்."

அம்மா அன்றைக்கே அப்பாவிடம் சொன்னாள். அப்பா தோழரைக் கூட்டிவந்தார். எங்கள் வீட்டு வாசலில் என் காதுக்குப் பரீட்சை நடந்தது. பெரியப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று தப்பை ஓங்கி ஓர் அடி அடித்தார். உடம்பெல்லாம் அதிர, சிரித்துக்கொண்டே திரும்பினேன். எனக்குப் பிடித்த சத்தமாயிற்றே.

"இந்தா கேக்குதுல்ல! நர்சுக்குத்தான் காது கேக்கல" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஊரைக் கூட்டும் தப்பை வைத்தா ஒரு பிள்ளையின் காதைப் பார்ப்பது? சாணி மெழுகின தரை அதிர்ந்தால் பல்லியும் திரும்பும். அம்மா விடவில்லை. "தப்பு கேட்டா போதுமா? நான் கூப்புடுறது கேக்கவேணாமா அதுக்கு?" என்றாள்.

அப்போது தோழர் சொன்னார். அந்த வார்த்தையை அம்மா சாகும்வரை மறக்கவில்லை.

"இருக்கலாம் அக்கா, இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப போயி புள்ளைக்குக் காது கேக்கலன்னு வெளிய தெரிஞ்சா அந்தப் பண்ணையாரு என்னா சொல்லுவான்? செவிட்டுப் புள்ளைய வச்சு நாடகம் ஆடுறானுங்கம்பான். சனம் மனசு விட்டுரும். பேச்சுவார்த்தை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"கொடி உங்களது. காது எம் மவளது" என்றாள் அம்மா.

"வாய மூடு. பெரியவங்க பேசுறாங்கல்ல" என்றார் அப்பா.

அவருக்குக் காது கேட்காத பிள்ளை வேண்டியிருக்கவில்லை, பயப்படாத பிள்ளை வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க 'ஏய்' என்றால் திரும்பின கழுத்து அவருடையது. தான் பெற்ற பிள்ளை திரும்பவில்லை என்பது அவருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கும் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

பேச்சுவார்த்தை முடிந்தது. அரைப்படி கிடைத்தது. அடுத்து வெளியூர் ஆளை இறக்கும் தகராறு வந்தது. அது முடியட்டும் என்றார்கள். அடுத்து உச்சவரம்பு நிலம், அதற்கு மறியல், அப்பா ஜெயிலுக்குப் போனார். அது முடியட்டும். நல்ல காரியங்கள்தான் எல்லாம், ஒன்றையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றும் முடிகிற காரியமாக இல்லை. நர்சம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். தோழர் எத்தனையோ பேரை ஜாமீனில் எடுக்கத் தஞ்சாவூருக்குப் போய்வந்தார். அந்த பஸ்ஸில் என்னை ஏற்றிக்கொள்ள அவருக்கு ஒருநாள் வாய்க்கவில்லை.

நான் தாவணி போடுகிற வயதில் அம்மா யாரிடமும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். ஒரு காதில் எலும்பு அரித்துவிட்டது, இன்னொன்றில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிட்டிருந்த? பெத்தவதானே நீ?" என்று கத்தினார். அவர் கத்தினது எனக்கே லேசாகக் கேட்டது. திட்டு வாங்கவேண்டியவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடம் அதற்கு முன்பே நின்றுபோயிற்று. சுவரெழுத்தையும் சங்க நோட்டீசையும் படித்துத்தான் எழுத்தை மறக்காமல் வைத்திருந்தேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, அவர்கள் அழுவதைத் தொட்டிலில் கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தலை நரைத்த பிறகு ஒரு முகாமில் காது மெஷின் கொடுத்தார்கள். அன்றைக்குத் தாளிக்கும்போது சட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கடுகு வெடித்தால் சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியாது. எத்தனை வருஷம் தாளித்தவள் நான்!

அப்பா எண்பதைத் தொட்டபோது அவருக்கும் காது போயிற்று. அப்போது பார்த்தேன் நம் சனங்களின் அறிவை. அவர் திரும்பாவிட்டால் ஒருவரும் திமிர் என்று சொல்லவில்லை. வாசலில் போகிறவன்கூட "பாவம், பெரியவருக்குக் காது மந்தம்" என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தான். கிட்டே வந்து குனிந்தான், முகத்துக்கு நேராக மெதுவாகப் பேசினான். இவ்வளவும் தெரிந்த சனங்கள்தான் இவர்கள். கிழவனுக்குக் கேட்காவிட்டால் காது, பிள்ளைக்குக் கேட்காவிட்டால் கொழுப்பு.

அவருக்குச் சால்வை போர்த்த சங்கத்துப் பையன்கள் வந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கதையைத் தொடங்கினார். எத்தனையாவது தடவையோ. "ஏ குட்டின்னான். எம் மவ திரும்பல. அறைஞ்சான். அப்பவும் கண்ண எடுக்கல." பையன்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

நான் எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். "அப்பா, எனக்கு அன்னைக்குக் காது கேக்கல. அதான் திரும்பல."

கையைக் காதுக்குக் குவித்தார். "என்னாம்மா?"

"காது கேக்கலப்பா! தைரியமும் இல்ல, ஒண்ணுமில்ல! கேக்கல!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா என் வாயைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அந்த வித்தை அவருக்குத் தெரியாது. சிரித்தபடி பையன்கள் பக்கம் திரும்பி, "என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் நல்ல பிள்ளையாகத் தெரிந்த ஒருவன் எழுந்து வந்தான். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் குனிந்து, அவர் காதில் சொன்னான்.

"ஒண்ணுமில்லங்கய்யா. அம்மா உங்களப் பத்திப் பெருமையாச் சொல்றாங்க."

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னான். மெஷின் காதில் இருந்தது. ஓர் எழுத்து விடாமல் கேட்டது.